கண்காணிப்பவர்கள் கிளம்பிவிட்டால்?

ஆசிரியருக்கு,

போர்நிறுத்தக் கண்காணிப்பாளர்கள் பற்றிய தலையங்கம் படித்தேன். வெளிநாட்டுக் குழு வந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி எழுதியிருப்பது எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் குளத்துப்புழை ரப்பர் தோட்டங்களில் இருக்கும் தமிழர்களில் பலர், 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தினர். அங்கே நடந்ததை விடாமல் கவனித்தவர்கள். 2002 பிப்ரவரியில் நார்வே முயற்சியால் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் வந்தது. நார்டிக் எனப்படும் ஐந்து வட ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் கண்காணித்தார்கள். ஆயுதம் கிடையாது, மீறலைப் பதிவு செய்யலாம், தடுக்க முடியாது. சரி, அந்தக் கண்காணிப்பாவது நீடித்ததா? 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகள் இயக்கத்துக்குத் தடை விதித்ததும், அந்த ஒன்றியத்து நாட்டவர் வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். சுவீடன், டென்மார்க், பின்லாந்துக்காரர்கள் போய்விட்டார்கள். அந்த ஆகஸ்டில்தான் திருகோணமலை மாவட்டத்து மூதூர் மக்கள் சண்டைக்குப் பயந்து கந்தளாய்க்கு ஓடினார்கள். 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்திலிருந்து விலக, மிச்சக் குழுவும் மூட்டை கட்டியது.

இனி எங்கே குழு போனாலும், சண்டை போடுகிறவர்கள் நினைத்தால் அனுப்பிவிடலாம் என்ற நிலை இருக்கக் கூடாது. அகதி முகாம்களுக்குள் தடையின்றிப் போய்ப் பார்க்கும் உரிமையையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதைக் குழு மாதாமாதம் வெளியிடட்டும்.

- ஒரு வாசகர், குளத்துப்புழை, கொல்லம் மாவட்டம்