‘இருபது கோடு’ என்றால் எவ்வளவு இன்சுலின்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நீரிழிவு குறித்துத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் அதில் வரும் ‘குருதிச் சர்க்கரைக் குறைநிலை’ என்பது தாம் சொல்லும் ‘சுகர் இறங்கிப் போச்சு’தான் என்று தருமபுரிப் பக்கத்தில் எத்தனை பேருக்குப் புரியும்? கை நடுங்கி வியர்க்கும்போது, ரத்தச் சர்க்கரை அளவு 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதை இப்படியே எழுதிவிடலாமே.

அதற்காகக் கலைச்சொற்கள் அத்தனையையும் உதறிவிடவும் முடியாது. இன்சுலின் அளவைக் குறிக்கும் ‘யூனிட்’ அப்படி ஒரு சொல். எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் இன்சுலின் வாங்க வருபவரிடம் எத்தனை யூனிட் என்று கேட்டால், ‘இருபது கோடு’ என்றே பதில் வருகிறது. எந்த ஊசியில் இருபது? இன்சுலின் புட்டியில் 40 (ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட்) என்றிருந்தால் சிவப்பு மூடி ஊசி, 100 என்றிருந்தால் ஆரஞ்சு மூடி ஊசி. 100 மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட், உயிருக்கே ஆபத்து. 40 மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் அதே 20 வரை இழுத்தால் வெறும் 8 யூனிட். ‘ஊசி போட்டும் சுகர் குறையவில்லை’ என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம். எனவே மருந்துச் சீட்டில் யூனிட் கணக்கோடு மூடியின் நிறத்தையும் தமிழில் எழுதித் தர மருத்துவமனைகள் முன்வர வேண்டும். தங்கள் மருத்துவப் பக்கத்திலும் இரு ஊசிகளின் படத்தைப் பெரிதாக வெளியிடலாம்.

– வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்