கூன்வண்டுப் பொறியும் காலாவதிப் பூஞ்சாணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குமரி மாவட்ட வாழைகளைத் தாக்கும் தண்டுக் கூன்வண்டு பற்றிய தங்கள் செய்தி, மருந்துத் தெளிப்பை மட்டுமே தீர்வாகச் சொல்கிறது. இந்த வண்டின் புழு தண்டுக்குள் துளைத்துப் போனபின் மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை. வெட்டிய தண்டின் வாசனைக்கு வண்டு தானே தேடி வரும் என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்து வெகுகாலமாகிறது. குலை வெட்டிய தண்டை இரண்டடித் துண்டாக்கி, நெடுக்காகப் பிளந்து, வெட்டுமுகத்தில் வண்டைக் கொல்லும் பிவேரியா பேசியானா பூஞ்சாணத்தை 20 கிராம் தடவி, அந்த முகம் மண்ணில் படும்படி வாழை மூட்டில் (அடியில்) வைத்தால் பொறி தயார். ஏக்கருக்கு 40 போதும். துண்டு காய்ந்ததும் மாற்ற வேண்டும். காய்ந்த தண்டுக்கு வாசனை ஏது?

பிசகுவது இரண்டு இடத்தில். ஓணத்துக்கு ஏத்தன் (நேந்திரன்) குலை வெட்டியதும் தண்டை நிற்கவிடுகிறோம். அடுத்த தலைமுறை வண்டு அதற்குள்ளேயே வளர்கிறது. அடுத்தது, பூஞ்சாணம் உயிருள்ள பொருள். வெயில்படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டைத் தடவிய பொறியில் வண்டுகள் சுகமாக மேய்கின்றன. புதிய பாக்கெட் தடவியதில் வெள்ளைப் பூசணம் போர்த்திச் செத்துக் கிடக்கின்றன. குலைவெட்டுக்குப் பத்து நாள் முன்பாக, தயாரிப்புத் தேதியிட்ட பாக்கெட்டுகளைத் தோட்டக்கலைத் துறை வட்டார அலுவலகங்களில் குளிர்பெட்டியில் வைத்து வழங்கலாம்.

– வாசகர், தக்கலை