சீனக்குடாக் குழியில் கிடைத்த பச்சைக் கல்

திருகோணமலை,
மாசி மாதம்

அன்புள்ள மச்சான் குணம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் வீட்டில் இவளுக்கு நிம்மதி. படி ஏறக்கூடாது என்று வைத்தியர் சொன்னால் ஏறாதே. உன்னை எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சுகம். தம்பலகாமத்தில் அறுவடை தொடங்கிவிட்டது. வயலை இந்த முறையும் குத்தகைக்குத்தான் விட்டிருக்கிறேன். பெரியக்காவின் பேத்திக்குத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்தால் எல்லோருடைய நாடியையும் பிடித்துப் பார்க்கிறாள், முதலாம் வருடத்திலேயே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொலைபேசியில் பாதியைக் கேட்டுவிட்டு நீ சிரித்த அந்தப் பச்சைக் கல்லின் கதை. முழுவதையும் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

என் மருமகன் சீனக்குடாப் பக்கம் வாங்கிய காணியில் வீடு கட்டுகிறான் அல்லவா? மலசலகூடக் குழி வெட்டும்போது ஏறக்குறைய நாலு அடி ஆழத்தில் அலவாங்கு 'ணங்' என்று ஒன்றில் பட்டிருக்கிறது. எடுத்துக் கழுவிப் பார்த்தால் இரண்டு கை அளவு கல். ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பு. அலவாங்கு பட்டு உடைந்த பக்கம் மட்டும் கரும்பச்சைக் கண்ணாடி. வெயிலில் பிடித்தால் விளிம்பு வழியாக வெளிச்சம் கடலின் நிறத்தில் ஊடுருவுகிறது. அழகில் ஒரு குறையும் இல்லை, அதுதான் வில்லங்கம். அன்று பின்னேரத்துக்குள் அயலில் ஒருவர் மரகதம் என்றார், இன்னொருவர் வானத்திலிருந்து விழுந்தது என்றார். மூன்றாம் நாள், யார் சொல்லி வந்தாரோ, கல் வியாபாரி என்று ஒருவர் காரில் வந்து இறங்கினார். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரத்தினபுரிக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும், சோதனைக் காசை முதலில் தாருங்கள், விற்றபின் பங்கு பேசலாம் என்றாராம். கல்லை வாங்க வருகிறவன் காசு கொடுப்பானா, கேட்பானா? பெடியன் அதற்கும் தலையாட்டிவிட்டுத்தான் என்னிடம் ஓடி வந்தான்.

நான் கல்லைப் பார்ப்பதற்கு முன் குழியைப் பார்க்கப் போனேன். இதை நீ ஒப்புக்கொள்வாய். புல்மோட்டையில் கரை மணலிலிருந்து இல்மனைட், சிர்க்கோன் என்ற கனிமங்களைப் பிரித்தெடுத்த காலத்தில், மணலைக் காட்டினால் எந்தக் கரையில் அள்ளியது என்று முதலில் கேட்கிற ஆள் நீதானே. நிறத்தைப் பார்த்துக் கல்லுக்குப் பெயர் வைக்கப் போனால் இலங்கையில் பச்சைக் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. எந்த மண்ணில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் பாதி விடை. குழிச் சுவரில் மேலே ஒரு முழம் தோட்ட மண். அதற்குக் கீழே கறுப்பும் சிவப்புமாக ஒரு படை: உடைந்த செங்கல், கரிக் கட்டி, துருப்பிடித்த ஆணி, தடித்த போத்தலின் அடிப்பாகம். அதற்கும் கீழேதான் கலையாத மணல். கல் கிடந்தது அந்தக் கறுப்புப் படையில். அதாவது மனிதர்கள் கொண்டுவந்து கொட்டிய மண்ணில்.

மருமகன் விடவில்லை. "கன்னியாவில வெந்நீர் வருது மாமா, அப்ப கீழே எரிமலை இருக்கத்தானே வேணும்? எரிமலை கண்ணாடி கக்குமாம், படம் பார்த்தனான்" என்றான். எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறினால் கண்ணாடியாகும் என்பது உண்மைதான், ஒப்சிடியன் என்பது அதுவே. ஆனால் கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கும் எரிமலைக்கும் சம்பந்தமில்லை. மழைத் தண்ணீர் பாறைப் பிளவுகள் வழியாக வெகு ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள பூமிச் சூட்டில் காய்ந்து, வேறொரு பிளவு வழியாக மேலே வருகிறது. இராவணன் தாயின் கிரியைக்காக வாளால் குத்திய இடம் என்ற நம்மவர் கதையில்கூட எரிமலை இல்லை! இலங்கைத் தரையில் பத்தில் ஒன்பது பங்கும் ஆழத்தில் வெந்து நசுங்கி உருமாறிய பழம்பாறை. அது கடைசியாக அப்படி வெந்ததே ஏறத்தாழ 55 கோடி வருடத்துக்கு முன். கண்ணாடிக்கு அந்த ஆயுள் கிடையாது. ஒரு சில கோடி வருடத்திலேயே அது மெல்ல மெல்லப் படிகமாகி மங்கிப்போகும். இங்கே எப்போதோ எரிமலை இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அதன் கண்ணாடி இன்று இப்படிப் பளபளத்துக்கொண்டு நம் கைக்கு வராது.

வானத்துக் கல்லைப் பற்றியும் சொல்லவேண்டும், இணையத்தில் இப்போது அந்தப் பைத்தியம்தான் ஓடுகிறது. செக் நாட்டில் மொல்டவைட் என்று ஒரு பச்சைக் கண்ணாடி கிடைக்கிறது. சுமார் ஒன்றரைக் கோடி வருடத்துக்கு முன் தெற்கு ஜெர்மனியில் ஒரு விண்கல் மோதி, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் அகலத்துக்குக் குழி விழுந்தது. அந்த அடியில் தரை மண்ணே உருகித் தெறித்து, போய் விழுந்த துளிகள்தான் அவை. கல்லே வானத்திலிருந்து வந்தது என்று விற்பவர்கள் இந்த இடத்தை விட்டுவிடுவார்கள். நம் பக்கத்துக்குக் கிட்டிய வகை இந்தோசீனா முதல் அவுஸ்திரேலியா வரை சிதறிக் கிடக்கிறது. அது சுமார் எட்டு இலட்சம் வருடப் பழசு, நிறம் கறுப்பு. சீனக்குடாவில் இரண்டு கை அளவில் பச்சையாகக் கிடைக்க வழியே இல்லை.

பிறகுதான் கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் கேக் செய்ய வைத்திருக்கும் மின்தராசில் 640 கிராம். அதே தராசில் தண்ணீர்ச் சட்டியை வைத்து காட்டும் எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கல்லைத் தங்கூசியில் கட்டி, சட்டியின் அடியில் முட்டாமல் முழுதாகத் தாழ்த்தினால் 232 காட்டியது. கல் விலக்கிய தண்ணீரின் எடை அது. 640 ஐ அதனால் வகுத்தால் 2.76. அதாவது கல்லின் அடர்த்தி தண்ணீரைப்போல 2.76 மடங்கு. இந்த எண்ணைக் கேட்டதும் மருமகன் தொலைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தான். ஏனென்றால் மரகதத்தின் அடர்த்தியும் 2.7 சொச்சம்தான்! போத்தல் கண்ணாடி 2.5, மொல்டவைட் அதைவிடவும் குறைவு. எடையை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் கார்க்காரர் கெட்டிக்காரர் ஆகியிருப்பார்.

மரகதத்தை முடித்துவைத்தது நிலாவெளிக் கரையில் பொறுக்கிய ஒரு வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கல். மரகதம் குவார்ட்ஸைக் கீறும், குவார்ட்ஸால் அதைக் கீற முடியாது. இங்கே கூழாங்கல்தான் பச்சையைக் கீறியது, அதுவும் சுலபமாக. அடுத்ததாக மகனின் மடிக்கணினியை வெள்ளைத் திரையில் வைத்து, போலரொயிட் வெயில் கண்ணாடியை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடுவது) திரை இருளும்வரை திருப்பிப் பிடித்தேன். இரண்டுக்கும் நடுவில் கல்லின் மெல்லிய சில்லொன்றை வைத்துச் சுழற்றினேன். மரகதம் போன்ற படிகமானால் ஒரு சுற்றுக்கு நாலு தரம் வெளிச்சமாகி இருளவேண்டும். இது எந்தப் பக்கம் சுழற்றினாலும் இருட்டாகவே இருந்தது. கண்ணாடிதான்.

இங்கே ஒரு கிளைக்கதை, உனக்குப் பிடிக்கும். படிகமாகப் பிறந்து கண்ணாடியாகிப்போன பச்சைக் கல் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1953 இல் எஹலியகொடையில் எஃப். எல். டி. ஏகநாயக்க கண்டெடுத்தது, அவர் பெயராலேயே ஏகனைட் என்கிறார்கள். அதற்குள் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருப்பதால் தன் கதிர்வீச்சாலேயே தன் படிகக் கட்டமைப்பை உடைத்துக்கொண்டு உள்ளே குழம்பிப்போகிற கல். திரைச் சோதனையில் அதுவும் இருட்டாகவே நிற்கும். ஆனால் அதன் அடர்த்தி 3.3 அளவில் இருக்கும், நம்முடையது கிட்டவும் போகவில்லை. தவிர, ஏகனைட் ஆற்றுச் சரளையில் சின்னச் சின்னக் கூழாங்கல்லாக அகப்படுவது, அரைக் கிலோக் கட்டியாக அல்ல. இந்தக் கதையைச் சொன்னதும் பெடியன் கல்லைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து முற்றத்தில் வைத்துவிட்டான்.

கண்ணாடி என்று முடிவாயிற்று. போத்தல் உருகிய கண்ணாடியா, வேறா? மணிக்கூடு திருத்துபவரிடம் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் வில்லையை இரவல் வாங்கிப் பார்த்தேன். பச்சைக்குள் குமிழிகள். சில உருண்டை, சில ஒரு பக்கமாக இழுபட்டு நீண்டவை, பாகு ஓடும்போது இழுத்ததுபோல. அவற்றுக்கிடையே ஊசிமுனை அளவில் உலோகப் பொட்டுகள். ஒரு சில்லைத் துணியில் சுற்றிப் பொடியாக்கி (கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான், இந்தச் சில்லு சவர அலகு மாதிரி வெட்டும்) காந்தத்தைக் காட்டினேன். குட்டி இரும்பு மணிகள் வந்து ஒட்டின. போத்தலுக்குள் இரும்பு மணி வராது.

ஆகவே இது உலைக் கசடு, அதாவது இரும்பு உருக்கும்போது பிரிந்து வரும் கழிவு. வைத்தியர்கள் மண்டூரம் என்று புடம்போடும் பழைய இரும்புக் கிட்டத்தின் உறவுக்காரன். ஆனால் கிட்டம் கறுப்பு, இது பச்சை. அந்த வித்தியாசத்திலிருந்துதான் காலத்தைப் பிடிக்கலாம். நம் பழைய கொல்லர்கள் கரியும் காற்றும் கொண்டு இரும்பெடுத்த உலைகளில் கசடோடு நிறைய இரும்பும் போய்விடும், அதனால் அது கறுத்துக் கனக்கும். சமனலவெவப் பக்கம் பருவக்காற்றை மட்டும் நம்பி உருக்கிய ஆயிரம் வருடத்துக்கு முந்திய உலைகள்கூட அந்த இனம்தான். பச்சை வரவேண்டுமானால் இரும்பு பெரும்பாலும் பிரிந்துபோய், கொஞ்சம் மட்டும் மிஞ்சவேண்டும். யன்னல் கண்ணாடியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார், அந்தப் பச்சையும் துளி இரும்பின் வேலைதான். வார்ப்புப் பட்டறைகளில் நெட்டையான உலையில் கற்கரிக் கோக்கோடு பழைய இரும்பையும் சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்துக் கொட்டுவார்கள். சுண்ணாம்பு, மணலையும் சாம்பலையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு உருகி, இரும்புக்கு மேலே மிதக்கும். அதைத் தனித் துவாரத்தால் வடித்து வெளியே விடுவார்கள். சீக்கிரம் ஆறினால் பச்சைக் கண்ணாடி, ஆறுதலாக ஆறினால் சாம்பல் கல். நம் கட்டியில் இரண்டும் இருக்கிறது, வெளிப்பக்கத்தில் ஒட்டிய மணலும் இருக்கிறது.

அந்த உலை எங்கே இருந்தது என்பதுதான் இப்போது என் தலைக்குள் ஓடுகிறது. சீனக்குடாவைச் சுற்றி வெள்ளைக்காரன் விட்டுப்போனது கொஞ்சமா? 1927 இல் வந்த ரயில் பாதை, விமானத்தளம், எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான்காரன் குண்டுபோட்ட பிறகு எத்தனை உடைசலை அள்ளிக் குழி நிரப்பியிருப்பார்கள். 1957 இல் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும்வரை பழுதுபார்க்கும் வேலை ஓயாமல் நடந்த இடம். அந்தக் காணியில் உலை இருந்ததற்கு அடையாளம் இல்லை, சூட்டில் வெந்த மண் எங்கும் காணோம். வேறெங்கோ வடித்த கசடை வண்டியில் கொண்டுவந்து பள்ளம் நிரப்பியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். கசடு வீதிக்கும் பாதைக்கும் நல்ல நிரப்பு, உலகமெங்கும் அப்படிப் பாவிக்கிறார்கள்.

மருமகனுக்கு முகம் வாடிவிட்டது. இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையின் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்போமா என்று மெல்லக் கேட்டான். அனுப்பலாம், அங்கேயும் கண்ணாடி என்றுதான் எழுதித் தருவார்கள், கொழும்புக்குப் போய்வரும் காசு சீமெந்துக்கு உதவும் என்றேன். கார்க்காரர் பிறகு இரண்டு முறை தொலைபேசி எடுத்தாராம். "அது உலைக் கசடு ஐயா, வேணுமெண்டால் நீங்களே காசு தந்து கொண்டுபோங்கோ" என்று சொன்னதோடு அழைப்பு நின்றுவிட்டது. கட்டி இப்போது என் மேசையில் கடதாசிக்குப் பாரமாக இருக்கிறது. இன்னும் இரண்டு துண்டு குழியில் அகப்பட்டன, ஒன்றை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஒரு வேலை. உன் அப்பா டொக்யாட்டில், அந்தக் கடற்படைக் கப்பல் பட்டறையில், வேலை செய்தவர். இரும்பு வார்க்கும் இடம் ஒன்றைப் பற்றி அவர் சொன்னதாக எனக்கு ஒரு மங்கலான ஞாபகம். உள்த்துறைமுகப் பக்கமா, சீனக்குடாப் பக்கமா என்று பிடிபடவில்லை. மொன்றியலில் இருக்கும் உன் அக்காவுக்கு இதெல்லாம் நன்றாக நினைவிருக்கும், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தானே. கேட்டு எழுது. கோணேசர் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னாய். முழங்கால் விட்டால் வா. வரும்போது பத்து மடங்கு பெருக்கும் வில்லை ஒன்று வாங்கிவா, மணிக்கூட்டுக்காரர் தன்னுடையதைக் கேட்டு ஆளனுப்பிவிட்டார்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன் நண்பன்,
சிவம்