விவசாயி மட்டும் 'கிளெய்ம்' செய்கிறாரா?

ஐயா, கோத்தகிரி பக்கம் காட்டெருமைகள் காய்கறித் தோட்டங்களில் இறங்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். செய்தி சரிதான், ஆனால் அதில் அதிகாரிகள் 'தெரிவித்தனர்', விவசாயிகளோ பயிர் சேதமானதாகக் 'கூறிக்கொள்கின்றனர்'. ஆங்கிலப் பத்திரிகைகளின் 'கிளெய்ம்' (claim) என்ற வினைச்சொல்லிலிருந்து நமக்கும் ஒட்டிக்கொண்ட வியாதி இது. சொல்பவரை நிருபர் நம்பவில்லை என்ற தொனி அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் கையேடு, 'செட்' (said, அதாவது 'கூறினார்') என்று எழுத வேண்டிய இடத்தில் 'கிளெய்ம்' போட வேண்டாம் என்கிறது. எங்கள் ஊரில் தழை மேயப்பட்டு, கிழங்கு மிதிபட்டு, குளம்புத் தடம் ஆழப் பதிந்து கிடக்கும் கேரட் பாத்தியை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், அப்புறம் எதற்குச் சந்தேகம்?

சந்தேகம் என்றால் நிருபர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதட்டும் (கோத்தகிரிக்குப் பேருந்து இருக்கிறது). முடியவில்லையா, அதிகாரிக்கும் தோட்டக்காரருக்கும் ஒரே 'கூறினார்' போதும். இதைத் துணை ஆசிரியர்களுக்கு ஒரு விதியாகவே சொல்லி வைத்தால் நல்லது.

– ஒரு வாசகர், கோத்தகிரி