வருமான வரி இல்லாத ஒரு பட்ஜெட்: ஒரு தடவையாவது கணக்குப் போட்டுக் காட்டுங்கள்

மாண்புமிகு ஒன்றிய நிதி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு 71 வயது. வரி கட்டும் அளவுக்கு வருமானத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அப்பா விட்டுப்போன பணத்தை வங்கியில் டெபாசிட் போட்டு, அந்த வட்டியில் காலம் தள்ளுகிறார். போன வருஷம் அந்த வட்டியில் 20 சதவீதத்தை டிடிஎஸ் என்று, அதாவது கைக்கு வரும் முன்பே பிடிக்கும் வரி என்று, பிடித்துவிட்டார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று முதியவர்கள் எழுதித் தரும் 15எச் படிவம் கொடுத்திருந்தோமே என்றால், பான் என்கிற வருமான வரி எண் செயலிழந்துவிட்டதால் படிவம் செல்லாதாம். பான் ஏன் செயலிழந்தது? ஆதாருடன் இணைக்கவில்லை. ஏன் இணைக்கவில்லை? பானில் தாத்தாவின் பெயர், ஆதாரில் அப்பாவின் இனிஷியல். தமிழ்நாட்டில் பாதிப் பெண்களின் கதை இதுதான்.

சரி, திருத்திவிடலாம் என்று ஆதார் மையத்துக்குப் போனோம். உரலில் மாவாட்டியே தேய்ந்த விரல், ரேகை விழவில்லை. “துடைச்சிட்டு வைங்கம்மா” என்கிறார் அந்தப் பையன். அம்மா முந்தானையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். ஐந்தாவது தடவை, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி என்னைப் பார்த்தார். மூன்று நடை ஆயிற்று. இணைப்பதற்கு 1,000 ரூபாய் அபராதம் தனி. இத்தனையும் வரி கட்ட அல்ல, கட்டத் தேவையில்லை என்று நிரூபிக்க.

12 லட்சம் வரை வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தீர்கள். நன்றி. அப்படியே தனிநபர் வருமான வரியே இல்லாமல் அரசை நடத்த முடியுமா என்று ஒரு வெள்ளை அறிக்கை வெளியிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. அதே பட்ஜெட்டில் ஒரு ரூபாய் வரவில் 22 காசு வருமான வரி. ஒரு ரூபாய் செலவில் 20 காசு பழைய கடனுக்கு வட்டி. அம்மாவிடம் பிடித்தது எங்கே போயிருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு.

சுலபமில்லை என்று எனக்கும் தெரியும். துபாயில் சம்பளத்துக்கு வரி இல்லை என்று நம் ஊர்க்காரர்கள் பெருமைப்படுவார்கள். எண்ணெய் வைத்திருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தாரே 2018-ல் 5 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி), 2023-ல் 9 சதவீத நிறுவன வரி என்று இறங்கிவிட்டார்கள். நம்மிடமும் 2005-ல் வங்கியில் ரொக்கம் எடுத்தால் 0.1 சதவீதம் என்று ஒரு வரி வந்தது, 2009-ல் போனது. வருமான வரியும் 1860-ல் வந்தது, 1865-ல் போனது, திரும்ப வந்தது, 1873-ல் மறுபடி போனது, 1886-ல்தான் நிலைத்தது. இல்லாத காலத்தில் கஜானா காய்ந்துவிடவில்லை. நிலவரியும் உப்பு வரியும் நிரப்பின. அதாவது உழவனும், கஞ்சிக்கு உப்புப் போட்டவனும் கட்டினார்கள்.

அதனால்தான் கணக்கைக் கேட்கிறேன். அந்த 22 காசை ஜிஎஸ்டியை ஏற்றித்தான் எடுப்பீர்கள் என்றால், அம்மா வாங்கும் சோப்பிலும் எண்ணெயிலும் அது வந்து நிற்கும். அதற்கு இப்போதைய தொல்லையே மேல். பெரிய சொத்துகளிலும் பங்குச்சந்தை லாபத்திலும் எவ்வளவு கிடைக்கும்? 2015-ல் எடுத்துவிட்ட, பணக்காரர்களின் சொத்து மீதான செல்வ வரியைத் திரும்பக் கொண்டுவந்தால்? இருபது அதிகாரிகளை உட்காரவைத்தால் ஆறு மாதத்தில் முடியாதா? கிழவியின் கைரேகைக்குச் செலவிடும் அக்கறையில் கொஞ்சம் இதற்கும் செலவிடலாம்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னியுங்கள். வெள்ளை அறிக்கை வேண்டும். அது வரும்வரை, வரி வரம்புக்குக் கீழே இருக்கும் முதியவர்களின் வட்டியில் கைவைக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு அடுத்த டோக்கன் செவ்வாய்க்கிழமை, காலை 10 மணிக்கு.

இப்படிக்கு,
ஒரு டெபாசிட்தாரரின் மகன்