மெஷின் கோளாறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் மெயில். இங்கே வெயில் வழக்கம்போலத்தான், சாயங்காலம் ஆறு மணிக்குக்கூட மாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கவுன்டரில் உன் கம்பெனி இன்ஷூரன்ஸ் கார்டைக் கொடுத்தேன். அந்தப் பெண் இரண்டு மூன்று தடவை நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு, "இது ஆக்டிவ்ல இல்ல சார்" என்றாள். மெஷின் கோளாறாக இருக்கும். கையில் இருந்ததைக் கட்டிவிட்டேன். அம்மாவிடமும் மெஷின் கோளாறு என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதை விடு.

ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மா டிவி பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீடே அமைதியாகிவிட்டது. பொழுது போகாமல் நீ பரண்மேல் போட்டுவிட்டுப் போன அட்டைப்பெட்டியை இறக்கினேன். எல்லாம் அந்த டெர்ரி பிராட்செட் புத்தகங்கள். என் இங்கிலீஷ் மெமோ எழுதுகிற இங்கிலீஷ், உனக்கே தெரியும். ஒரு புத்தகத்துக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. தட்டை உலகம், அதை நாலு யானை சுமக்கிறது, யானைகள் ஆமை முதுகில் நிற்கின்றன. இதில் என்ன புதுசு, நம் ஆயா சோறு ஊட்டும்போது சொல்லாததா என்று முதலில் நினைத்தேன். இருபதாவது பக்கத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அம்மா உள்ளே இருந்து "யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

அப்புறம்தான் ஆளைப் பற்றித் தேடிப் படித்தேன். நம்ம டிபார்ட்மென்டாமே! பதினேழு வயசில் பள்ளியை விட்டு உள்ளூர்ப் பத்திரிகையில் சேர்ந்தவர், பிறகு இங்கிலாந்து மின்வாரியத்தில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி, அதுவும் அணுமின் நிலையங்களுக்கு. அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்த சூடு ஆறுவதற்குள் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறார். டிரான்ஸ்பார்மர் வெடித்த அன்று ஆபீஸ் போனை எடுத்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். பகலெல்லாம் அதைச் சமாளித்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து 400 வார்த்தை. தினமும் 400 வார்த்தை. அந்தத் தட்டை உலக வரிசையில் முதல் புத்தகம் 1983-ல் வந்தது. வேலையை விட்டது 1987-ல். இதை மட்டும் கவனி. நாலு வருஷம் பாப்பா. புத்தகம் வந்து, பேரும் வந்து, அதற்கு அப்புறமும் நாலு வருஷம் மாசச் சம்பளம் வாங்கியிருக்கிறார். நான் உன்னை எதுவும் சொல்லவில்லை. அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நீ ராத்திரி மூணு மணிக்கு வாட்ஸ்அப்பில் இருக்கிறாய், பகல் பதினோரு மணிக்கும் இருக்கிறாய். வேளைக்குச் சாப்பிடு. 400 வார்த்தைக்கு ஒரு மணி நேரம் போதும், மீதி நேரத்தில் ஒரு வேலை பார்க்கலாம்.

அவர் கதையில் சாவே ஒரு ஆளாக வருகிறது இல்லையா, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எலும்புக்கூடு, ஆனால் பூனை பிடிக்கும், மசாலாக் குழம்பு பிடிக்கும். அவன் பேசுவதை மட்டும் இங்கிலீஷில் பெரிய எழுத்தில் போடுகிறார். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே, இதை எப்படிச் செய்வார்கள் என்று ஒரு நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

59 வயசில் மறதி நோய், அதிலும் அபூர்வமான வகை என்று தெரிந்திருக்கிறது. டைப் அடிக்க முடியாமல் போனபிறகு வாயால் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். 2015-ல் போய்விட்டார். முடிக்காத கதைகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை 2017-ல் பழைய நீராவி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கியிருக்கிறார்கள். படித்ததும் பதறிவிட்டது. ஆனால் அது அவரே கேட்டுக்கொண்டது. அவர் எழுத்து, அவர் இஷ்டம்.

உன் கதையை அப்படிச் செய்ததற்கு உன்னை யார் கேட்டார்கள்?

நீ பிளஸ் ஒன் படிக்கும்போது ஸ்கூல் மலரில் எழுதினாயே, அதைத்தான் சொல்கிறேன். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டனுப்பி, மலரைக் கையில் கொடுத்து, "உங்க பொண்ணு என்ன எழுதியிருக்கா பாருங்க" என்றார். நான் பார்க்கவில்லை பாப்பா. பிரிக்கக்கூட இல்லை. மத்தியானம் டூட்டிக்குப் போக வேண்டும், உனக்கு டி.சி. கொடுத்துவிடுவார்களோ என்று பயம், அவர் சொல்லச் சொல்ல மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் மற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். "செய்யுங்க மேடம்" என்றேன். வீட்டுக்கு வந்து உன்னையும் நாலு வார்த்தை திட்டினேன், என்ன கதை என்றே தெரியாமல்.

கிழிக்காத அந்த ஒரு பிரதி என் கரன்ட் பில் ஃபைலிலேயே இருந்திருக்கிறது. போன வாரம்தான் படித்தேன். எமன் எருமையை நம்ம வேலூர் கிரீன் சர்க்கிளில் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறான், உயிரை எடுக்க வேண்டுமென்றால் டோக்கன் வாங்கு என்கிறார்கள், 412-ஆம் நம்பர். "யாரா இருந்தாலும் லைன்ல வா" என்று அதட்டும் டோக்கன் அம்மாவிடம் அப்படியே உங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் குரல். சாயங்காலத்துக்குள் வேலூர் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்து எமனுக்கே குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். ஊரே வேலூர்த் தமிழ் பேச, எமன் ஒருத்தன் மட்டும் செந்தமிழில் பேசுகிறான். நான் ஒரு நாள் முழுக்க யோசித்ததை நீ பதினாறு வயசில் செய்துவிட்டாய். இரண்டு தடவை படித்தேன், இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை.

பென்ஷன் அரியர்ஸ் வந்தது, உன் அக்கவுன்டில் கொஞ்சம் போட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பாதே. காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காட்பாடி வந்துவிடலாம், முள்ளுக் கத்திரிக்காய் நன்றாக வருகிறது. வேலைக்கு லீவு கிடைத்தால் வா.

அந்த எருமைக்கு நீ பேர் வைக்கவில்லை. அவர் சாவோட குதிரைக்குப் பிங்கி என்று வைத்திருக்கிறார். யோசித்து வை.

அப்பா

பி.கு.: கார்டு பற்றி அம்மா கேட்டால் நீயும் மெஷின் கோளாறு என்றே சொல். மாற்றிச் சொல்லி என்னை மாட்டிவிடாதே.