வாசல் பக்கம் நனையக் கூடாது

அங் மோ கியோ,
சிங்கப்பூர்

அன்புள்ள ருக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்த இரண்டு தடவையும் பேத்தி மடியில் ஏறிக்கொண்டாள். இன்று அவளுக்குப் பள்ளி, இவர் கோப்பிக் கடையில். இனி இரண்டு மணி நேரம் வீடு என் கையில்.

ஆஸ்திரேலியாவில் பெர்த்தை விட்டு இங்கேயே வரப்போகிறாய், வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின்) புது ஈரறை வீட்டுக்குச் சாவி அடுத்த வருஷம் கிடைத்துவிடும் என்று படித்ததும் இவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "ஈரறை வீட்டில் ருக்கு எப்படி அடங்குவாள்?" என்று கேட்டார். முப்பது வருஷக் குத்தகை எடுத்தால் தொண்ணூற்றைந்து வயது தாண்டும் வரை வீடு உன்னுடையது, யாருக்கு அடங்க வேண்டும் என்றேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். குளித்தால் தண்ணீர் கதவு வரை தெறிக்கிறதே, அதற்கு என்ன செய்கிறாய் என்று எழுதியிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். இந்த வருஷம் எனக்கு இதே வேலை.

தைப்பூசத்துக்கு மறுநாள் இவர் விழுந்தார். முதல் நாள் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடத்தோடு வெறுங்காலில் நடந்த மனுஷன், வீட்டுக் குளியலறையில் இரண்டடி வைத்து விழுந்தார். குளிக்கும்போது இல்லை. குளித்து முடித்து, துண்டு கட்டிக்கொண்டு, கைகழுவும் தொட்டியண்டை முகச்சவரம் செய்யப் போனபோது. நல்லவேளை, இடுப்புக்கு ஒன்றுமில்லை, மணிக்கட்டில் வீக்கம் மட்டும். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: ஷவருக்குக் கீழே எவ்வளவு ஈரமாக இருந்தாலும் நாம் ஜாக்கிரதையாகத்தான் நிற்கிறோம். காய்ந்திருக்கும் என்று நம்பி மிதிக்கிற இடத்தில்தான் வழுக்குகிறது.

எங்கள் குளியலறை உனக்குத் தெரியும். மடிப்புக் கதவைத் தள்ளினால் தொட்டி, அப்புறம் கழிப்பறைக் கோப்பை, கடைசியில் ஷவர். தண்ணீர் இறங்கும் ஃபுளோர் டிராப் ஷவர் மூலையில். கதவுப் பக்கம் விழுந்த தண்ணீர் அவ்வளவு தூரம் நடந்து போக வேண்டும். சரிவும் அங்கே குறைவு. அதனால் போகாது, அப்படியே கிடக்கும்.

சின்ன வயதில் இதெல்லாம் நமக்கு ஒரு பிரச்சினையா? தொட்டித் தண்ணீரைக் குவளையில் மொண்டு ஊற்றுவோம், தரை முழுக்க நனையும், சிவப்புக் கட்டைச் செருப்பு டக் டக்கென்று ஊரையே எழுப்பும். குளியலறை என்றாலே ஈரமான இடம்தானே. காய்ந்த தரை வேண்டும் என்கிற ஆசை ஷவரோடும் வயதோடும் சேர்ந்து வந்தது.

மகன் உடனே கண்ணாடித் தடுப்பு போட்டுவிடலாம் என்றான். விலை கேட்டால் ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளியை ஒட்டி வந்தது. விலையை விட, எட்டாவது மாடி அக்கா வீட்டுக் கதை என்னைத் தடுத்தது. நடுராத்திரி, ஆள் யாரும் இல்லாதபோது அவர்கள் வீட்டுக் கண்ணாடி பட்டாசு போலத் தெறித்திருக்கிறது. அது பதப்படுத்திய கண்ணாடி. ஓரத்தில் சின்ன அடி பட்டிருந்தாலும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத துகள் இருந்தாலும், என்றைக்காவது தானாகவே நொறுங்கலாமாம். கூரிய துண்டாக இல்லாமல் பொடியாக விழும் என்பதுதான் ஆறுதல். எல்லோர் வீட்டிலும் நடப்பதில்லை, தெரியும். ஆனாலும் இவர் விழுந்தால் கையூன்றுவது அந்தக் கண்ணாடியில்தான் என்று நினைத்தபோது மனம் ஒப்பவில்லை.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். கேட்டால் சிரிப்பாய். பழைய தமிழ் முரசு நாளிதழ்த் தாள்களைக் கழிப்பறைக் கோப்பையிலிருந்து கதவு வரை தரையில் விரித்துவிட்டு, இவரை வழக்கம்போலக் குளிக்கச் சொன்னேன். மறுநாள் நான். அடுத்து பேத்தி. ஒவ்வொரு குளியலுக்கும் புதுத் தாள். எங்கே நனைந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தால் போதும், குற்றவாளி தெரிந்துவிடும்.

முதல் குற்றவாளி இவருடைய வழுக்கைத் தலை! ஷவர் தலையைக் கம்பியின் உச்சியில் மாட்டி, நேர் கீழே நிற்பார். தண்ணீர் மண்டையில் பட்டு நாலு பக்கமும் குடை விரித்த மாதிரி சிதறும். தாளில் சிறுசிறு பொட்டுகள், தொட்டி வரைக்கும். இரண்டாவது நான்தான். தலைக்கு ஷாம்பூ போடும்போது முழங்கை இரண்டும் திரைக்கு வெளியே போகின்றன, அதன் வழியாகத் தண்ணீர் ஒழுகுகிறது. பேத்தி தாளைச் சொதசொதவென்று ஆக்கியிருந்தாள். கைஷவரைக் கையில் எடுத்தால் அவளுக்கு அது தீயணைப்புக் குழாய்.

இன்னொன்றும் தெரிந்தது. ஷவர் பின்சுவரில் இருக்கிறது, அதன் முகம் கதவைப் பார்க்கிறது. இருபது வருஷமாகக் கதவை நோக்கித் தண்ணீர் அடித்துவிட்டுத் தரையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆகவே முதலில் செய்தது காசில்லாத வேலை. ஷவர் தலையை ஒரு சாண் கீழே இறக்கினேன். பிறகு பக்கச் சுவரில் துளை போடாமல் ஒட்டுகிற பிடி ஒன்றை வைத்து, கைஷவரை அதில் மாட்டினேன். இப்போது தண்ணீர் எதிர்ச் சுவரில் அடிக்கிறது, கதவை நோக்கி வருவதில்லை. குழாயையும் முழுக்கத் திறப்பதில்லை. ஐந்து நிமிஷத்தில் குளித்து முடியுங்கள் என்று பொதுப் பயனீட்டுக் கழகம் சொல்லிக்கொண்டே இருக்கிறதே, அதற்கும் ஆயிற்று. மறுபடி தாள் விரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் காய்ந்திருந்தது.

மீதிக்குத் திரை. பழைய திரையில் இரண்டு கோளாறு. சுவருக்கும் அதன் ஓரத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதோடு குளிக்கும்போது உள்ளே உப்பி வந்து காலில் ஒட்டிக்கொள்ளும், கீழே வெளிப்பக்கம் திறந்துவிடும். இதை ஆராய்ந்ததற்கே ஒருவருக்குப் பரிசு கிடைத்திருக்கிறது, தெரியுமா? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து டேவிட் ஷ்மிட். 2001இல் அவருக்கு இக் நோபெல் பரிசு, சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்களே, அது. ஷவரின் தாரை உள்ளே காற்றைச் சுழல வைக்கிறது, சுழலின் நடுவில் அழுத்தம் குறைகிறது, அதுதான் திரையை உள்ளே இழுக்கிறது என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தாராம்.

கணக்கு அவருடையது, வைத்தியம் என்னுடையது. கம்பியை விட அகலமான, கனமான துணித் திரை வாங்கினேன். சுவரோரம் மடிப்பு விழுந்து இடைவெளி அடைபட வேண்டும், அதற்குத்தான் அகலம். கீழ் மடிப்பைப் பிரித்து, ஜன்னல் திரைக்கு வைக்கிற எடைக் கயிற்றை உள்ளே விட்டுத் தைத்தேன். குளிக்கும் முன் சுவரோரத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்தால் திரை அங்கே ஒட்டிக்கொள்ளும். உன் பெர்த் வீட்டுத் திரையில் காந்தம் இருக்கிறது என்றாயே, அதை இங்கே கொண்டு வராதே. இரும்புக் குளியல் தொட்டியைத்தான் அது பிடித்துக்கொள்ளும், ஓடு பதித்த நம் தரையில் எதைப் பிடிக்கும்?

தரையில் ஒட்டும் சிலிக்கோன் பட்டையும் வாங்கிப் பார்த்தேன், இரண்டு விரல் உயரம். தரையில் சோப்புப் பிசுக்கு இருந்ததால் ஒரு மாதத்தில் முனை தூக்கிக்கொண்டது. சுத்தமாகத் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மறுபடி ஒட்டியதும் நின்றது. தண்ணீரையும் நன்றாகத்தான் தடுத்தது. ஆனால் இவர் கால் அதில் தட்டியது. தண்ணீரைத் தடுத்து மனுஷனைத் தள்ளிவிடுவதா? பிடுங்கிவிட்டேன்.

கைப்பிடிக் கம்பிகள் 'ஈஸ்' திட்டத்தில் வந்தன, முதியவர்கள் வீட்டில் பாதுகாப்பு வசதி செய்து தருகிற அரசாங்கத் திட்டம் அது. வீட்டில் அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஒருவர் இருக்கிறாரே, செலவில் பெரும்பங்கு அரசாங்கத்தினுடையது. தரைக்கு வழுக்காத பூச்சும் கேட்டு வாங்கினோம். காலுக்குச் சொரசொரப்பு தெரிகிறது. அழுக்கு கொஞ்சம் பிடிக்கும், தேய்க்க வேண்டும். உன் குறுகிய குத்தகை வீட்டில் கம்பிகளை அவர்களே பொருத்தித் தருவார்கள்.

உனக்கு ஒரு எச்சரிக்கை. புதுப் புளோக்கில் முதல் மூன்று வருஷம் குளியலறைத் தரை ஓடுகளையோ சுவர் ஓடுகளையோ உடைக்கக் கூடாது. கீழே நீர்த்தடுப்புப் பூச்சு இருக்கிறது. அது கெட்டால் கீழ்வீட்டுக் கூரையில் கறை வரும், பிறகு வீவகவைக் கூப்பிட்டு, இரண்டு வீடும் செலவைப் பங்கு போட்டு, மின்தூக்கியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். என் தங்கை பட்டிருக்கிறாள். அதனால் திரையும் பிடியும் உனக்குப் போதும். சரிவு சரியில்லை என்றால் நீயே கைவைக்காதே, குறைகளைச் சரிசெய்து தர ஒரு வருஷம் இருக்கிறது, அதற்குள் சொல்லிவிடு. எப்படித் தெரியும் என்கிறாயா? கதவருகே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, கால் மணி கழித்துப் பார். குட்டையாகத் தேங்கியிருந்தால் படம் எடுத்துக்கொள். கோலிக்குண்டு ஒன்றை உருட்டினாலும் தெரியும், கதவுப் பக்கம் உருண்டால் சண்டை போட வேண்டியதுதான்.

உன் முழங்கால் வலிக்கு என்ன சொன்னார்கள் என்று எழுதவே இல்லையே? நீ இங்கே வந்த பிறகு மகள் தனியாகச் சமாளிப்பாளா?

சாவி வாங்கும் தேதி தெரிந்ததும் சொல். வாளி நான் கொண்டு வருகிறேன், கோலிக்குண்டு பேத்தியிடம் இருக்கிறது.

அன்புடன்,
சரசு